இடது காதின் கருத்து

என் மனைவி செலினின் இடது காது இன்னும் ஒரு கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது என்று நாங்கள் பாட்டுக் கேட்கும் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சொல்லாவிட்டால், அவள் இதுவரை எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளும் அழிக்கப்படும்.

செலின் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அறிவிப்பில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டிருந்தார்கள்.

அறிவிப்பை வாசித்தவர் எதிர்வீட்டு தங்கையா அண்ணாச்சி. அவர் போன மாதம் ஸ்பீக்கர் பெட்டி ஆகிவிட்டார். அவர் மனைவி அவர்மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தார்.

"சத்தம் கூடுதலா இருந்தா மூக்கத் திருகுங்க தம்பி," என்றார்.

நான் திருகவில்லை. முழுவதும் கேட்டேன்.

எங்கள் குழுவில் நாற்பது பேர். எங்கள் இருவரைத் தவிர யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார். நாற்பது பேரும் ஒரே ஆல்பத்தை ஒரே நொடியில் ஓடவிடுவோம். பாட்டு ஓடும்போது யாரும் எழுதக் கூடாது. எழுந்திருக்கவும் கூடாது. முடிந்த பிறகு கருத்து, நட்சத்திரம், சண்டை.

எங்களிடம் ஒரே ஒரு இயர்ஃபோன்தான் இருந்தது. இடது செலினுக்கு. வலது எனக்கு. கூடத்துக் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து கேட்போம். பிறகு ஆளுக்கொரு ஃபோனில் குழுவுக்குள் மோதிக்கொள்வோம். 'மூன்றாவது பாட்டில் ஒரு பெண் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாள்' என்று அவள் எழுதுவாள். 'அப்படி ஒன்றும் இல்லை' என்று நான் எழுதுவேன். அவள் முழங்கை என் விலாவில் இடிக்கும்.

தூத்துக்குடி பனிமயம் அண்ணன் எழுதுவார்: 'ஏய்யா ரெக்ஸு, ஒங்க வீட்ல மட்டும் ஒரே பாட்டு ரெண்டா ஓடுதா?'

கடைசியாகக் கேட்ட ஆல்பத்தில் ஒன்பது பாடல்கள். எட்டாவது முடிந்ததும் செலின் காதிலிருந்து கழற்றினாள்.

"தல வலிக்கு. கடைசிப் பாட்ட நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

சமையலறைக்குப் போனாள். விதியை மீறி எழுந்த முதல் ஆள் அவள்தான். நான் எழவில்லை. நான்கு நிமிடம் பதினொரு விநாடி கேட்டேன். 'மத்தளம் அபாரம்' என்று எழுதி நான்கு நட்சத்திரம் கொடுத்தேன். பிறகு போனேன். அவள் தரையில் கிடந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர், "கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

அன்றிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள இடைவழி நீண்டுவிட்டது. முன்பு ஆறு அடி. இப்போது நடந்து கடக்க நான்கு நிமிடம் பதினொரு விநாடி ஆகிறது. காப்பி போட்டுத் திரும்புவதற்குள் ஆறிவிடும். போன வாரம் அதன் பாதியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். இரண்டு கவுண்ட்டர், ஒரு பெஞ்சு. முதல் கவுண்ட்டரில் ஒரு மேடம் இருந்தார். அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன்.

"செத்தது முழு ஆளா, காது மட்டுமா?"

"முழு ஆள்."

"அப்போ காதுக்குத் தனியா வாரிசுச் சான்றிதழ் வேணும்."

"எங்க தருவாங்க?"

"அடுத்த கவுண்ட்டர்."

அடுத்த கவுண்ட்டருக்குப் போனேன். அவரும் எழுந்து அங்கே வந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டார். என்னை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்க காது எது?"

"வலது."

"முந்நூத்திப் பன்னெண்டு ஆல்பமும் வலதுலதானா?"

"ஆமா."

"அப்போ ஒண்ணைக்கூட நீங்க முழுசாக் கேக்கல."

"கேக்கல மேடம்."

"சண்ட மட்டும் முழுசாப் போட்டிருக்கீங்க."

நான் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

என் வலது காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் அரக்கு முத்திரை வைத்தார். சூடாக இருந்தது.

"ஒம்பதாவது பாட்ட இடதுல கேளுங்க. உங்க கருத்து வேண்டாம். அவங்க கருத்து."

ஞாயிறு நான்கு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். இடது பக்கத்து இயர்ஃபோனை என் இடது காதில் வைத்தேன். அதில் அவளுடைய முடி ஒன்று சிக்கியிருந்தது. எடுக்கவில்லை. பாட்டை ஓடவிட்டேன்.

இடது பக்கத்தில் மத்தளம் இல்லை. ஒருத்தி நடந்து போகிறாள். ஆறு அடி. குழாயைத் திறக்கிறாள். டம்ளர் நிறைகிறது. இரண்டு நிமிடம் நாற்பதாவது விநாடியில் "ரெக்ஸு" என்று கூப்பிடுகிறாள். ஒரே தடவை. சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு. பிறகு டம்ளர் விழுகிறது. பிறகு தண்ணீர் மட்டும்.

செலின் பெயரில் எழுதினேன். 'ஒன்பதாவது பாட்டில் ஒரு பெண் கூப்பிடுகிறாள். யாரும் வரவில்லை. மூன்று நட்சத்திரம்.' அவள் எதற்கும் மூன்றுக்கு மேல் கொடுத்ததில்லை.

கருத்து ஏற்கப்பட்டது, எதுவும் அழிக்கப்படாது என்று பதில் வந்தது.

அடுத்து பனிமயம் அண்ணன் எழுதினார். 'அப்படி ஒண்ணும் இல்லையே.'

ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விலாவில் எதுவும் இடிக்கவில்லை.

'எத்தனையாவது விநாடிம்மா?' என்று மறுபடி கேட்டார்.

'2:40.'

'சரி, எல்லாரும் இன்னொரு தடவ கேட்ருவோம். ஒண்ணு. ரெண்டு. மூணு.'

எல்லாரும் ஓடவிட்டார்கள். நானும் ஓடவிட்டேன். ஓடவிட்டவுடன் எழுந்துவிட்டேன்.

ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு இடைவழியில் நடந்தேன். காதுக்குள் அவளும் நடந்துகொண்டிருந்தாள். பிறகு குழாய் திறந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். அலுவலகத்தைத் தாண்டும்போது மேடம் தலையை வெளியே நீட்டினார்.

"சார், பாட்டு ஓடுது. எந்திரிக்கக் கூடாது."

"கேக்குது மேடம்," என்றேன்.

நிற்கவில்லை. பாட்டில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆகியிருந்தது. அவள் கூப்பிட இன்னும் ஐம்பது விநாடி இருந்தது.