எதிர் நடைபாதை

...அளக்கட்டும், நன்றாக அளக்கட்டும், நாடாவை இழுத்து இழுத்துப் பிடித்தால் நடைபாதை அகலமாகிவிடவா போகிறது, போன வருஷம் மாவட்டக் கவுன்சிலிலிருந்து ஒருத்தி வந்து இதே மாதிரி குனிந்து நிமிர்ந்து அளந்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்தாள், இப்போது புதுப்பிக்கிற நேரத்தில் தெருக்களைப் பார்த்துக்கொள்கிற கவுண்டிக் கவுன்சிலிலிருந்து இந்த ட்ரெவர்... காப்பிக்கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கிளெண்டாவுக்கு எரிச்சலாக வந்தது. வெளியே மேசை போட அனுமதி தருவது ஒரு கவுன்சில், மேசை நிற்கிற தரை இன்னொரு கவுன்சிலுடையது, ஒருவர் தலையை ஆட்டினால் இன்னொருவர் தலையைச் சொறிவார், மார்ல்பியில் கடை வைத்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வீட்டு மருமகள்கள்தான். நான்கு மேசை, இந்த நான்கும் போனால் கோடையில் யார் உள்ளே வந்து உட்காரப் போகிறார்கள், கடையை மூட வேண்டியதுதான்... அந்த மேசைகள் வந்த வாரம்தான் நெவில் வருவதை நிறுத்தினான். இப்போது எதற்கு அவன் ஞாபகம்?

அண்ணன் என்று இருந்தது அவன் ஒருவன். கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து, இடுப்பு வலிக்கென்று வாங்கிய கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ தண்ணியாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பான். அம்மா போனபின் வீட்டைக் காலி செய்யும்போது அப்பாவின் கருவிப்பெட்டியை அவள் பழைய சாமான்களைத் தானமாக வாங்கி விற்கும் தர்மக் கடைக்குக் கொடுத்துவிட்டாள், துருப்பிடித்த பெட்டி, யாருக்கு வேண்டும் என்று நினைத்தாள், அவன் வந்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ" என்றான், "நீ வந்து ஒரு பெட்டியாவது தூக்கினியா" என்று அவள் கேட்டாள், அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை, ஒரு பெட்டிக்காகவா... அடுத்த நாள் மேசைகள் வந்து இறங்கின. அதற்கு இரண்டு நாள் கழித்து அவன் எதிர் நடைபாதையில் போனான். கறிக்கடைக்கு முன்னால் நின்றான், இந்தப் பக்கம் பார்த்தான், பிறகு வேண்டுமென்றே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான், அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். தினமும் அதேதான். நின்று திருப்பிக் காட்டிவிட்டுப் போக வேண்டுமா, அவ்வளவு ஆங்காரமா? உனக்குத் திருப்பத் தெரிந்தால் எனக்குத் தெரியாதா என்று அவளும் குனிந்து, ஏற்கெனவே துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டான். தேவாலயத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, தெருவைத் தாண்டி ஒரு தடவை வந்திருக்கலாமே பாவி...

மேசைகளோடு சேர்த்து ஓரத்தில் வைத்த பூந்தொட்டியை ட்ரெவர் காலால் தட்டிக் காட்டினார். "இதுதாம்மா விஷயம். குமிழ் மேல உக்காந்திருக்கு." கடையின் சொந்த இடம் எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டுவதற்காக, கடை வரிசை முழுக்கக் கல்லில் பதித்திருக்கும் பித்தளைக் குமிழ்களைச் சொன்னார். "உங்க ஆளுங்கதான் தொட்டி வைக்கச் சொன்னாங்க, கண்ணு தெரியாதவங்க மேசையில இடிச்சுக்கக் கூடாதாம்" என்றாள். "எங்க ஆளுங்க இல்ல, மாவட்டத்து ஆளுங்க." "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நெவில் உங்க அண்ணன்தானே? பாவம், எத்தனை தடவை ஃபோன் பண்ணியிருப்பாரு. நாங்க மாவட்டத்தைக் கேளுங்கன்னு சொல்லுவோம், அவங்க எங்களைக் கேளுங்கன்னு திருப்பி அனுப்புவாங்க" என்றார். எதற்கு ஃபோன்? என் மேல் புகாரா? செத்த பிறகுமா நெவில்... "உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிடுச்சே அவருக்கு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும்னு சொன்னாரு. இந்தக் குமிழைத் தடியால தட்டித் தட்டித்தான் உங்க கதவுக்கு வருவாராம். தொட்டி வந்து மறைச்சதும் வழி தப்பி, மேசையில மோதி விழுந்திருக்காரு."

விழுந்தானா? எப்போது? அவள் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்திருப்பாள், ரேடியோ கத்திக்கொண்டிருந்திருக்கும், ஒரு மேசை கோணலாக நின்றதே, காற்று என்று நினைத்து நேராக்கினாளே... "தொட்டியை ஒரு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்க, அது போதும்னாரு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, தெரிஞ்சா அவ எல்லா மேசையையும் உள்ள தூக்கிப் போட்டுடுவா, வியாபாரம் கெட்டுப்போயிடும்னாரு." ட்ரெவர் நாடாவைச் சுருட்டினார். "இப்ப அவரே இல்ல, ஆட்சேபணையும் இல்ல. மத்தபடி அளவு சரியா இருக்கு. தொட்டி அங்கேயே இருக்கட்டும், நான் சரின்னு எழுதி அனுப்பிடறேன்." நன்றி என்று சொன்னாளா? சொல்லியிருப்பாள், வாய் அதுபாட்டுக்குச் சொல்லியிருக்கும், அவர் கையசைத்துவிட்டு வண்டியை நோக்கிப் போனார்.

அவள் தொட்டியைப் பிடித்து இழுத்தாள், மண்ணும் ஈரமும் சேர்ந்து பிணமாய்க் கனத்தது, மறுபடி இழுத்தாள், கல்லில் கீச்சென்று உரசிக்கொண்டு நகர்ந்தது. அடியில் குமிழ் கறுத்துக் கிடந்தது. ஒரு அடிதான். ஒரு அடிக்கு இரண்டு கவுன்சில்... அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை, கேட்கவில்லையே, வீம்பு, இல்லை, அவளுடைய வீம்புக்கல்லவா பயந்திருக்கிறான்... நிமிர்ந்து எதிரே பார்த்தாள். கறிக்கடை, அதன் கோடு போட்ட பந்தல், அவன் நிற்கிற இடம். நடுப்பார்வை போனால் எப்படித் தெரியும்? விரலால் பார்வையின் நடுவை மறைத்துப் பார்த்தாள், கறிக்கடை மறைந்தது, தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள், திருப்பினால்தான் ஓரத்தில் தெரிந்தது... யாரோ பின்னால், "அம்மா, டீ கிடைக்குமா?" என்றார்கள். "இதோ" என்றாள், நகரவில்லை. அவன் முகத்தைத் திருப்பியது பார்ப்பதற்குத்தான், தினமும் நின்று அவளைத்தான் பார்த்திருக்கிறான். ஓரப்பார்வையில் எவ்வளவு தெரிந்திருக்கும்? ஒரு ஆள் நிற்பது மட்டும்தானா, அல்லது அவள் குனிந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்ததும் தெரிந்திருக்குமா?