பச்சையாக ஒன்றும் கூடாது

ரசத்தை இறக்கிவைத்த பிறகு மல்லித்தழை தூவுவதுதான் எல்லோர் வீட்டிலும் வழக்கம். காளிச்சாமி கொதிக்கும்போதே போட்டுவிடுவார். தழை கறுத்துச் சுருங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்பார். மிளகுத்தூளும் அப்படித்தான். தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் போட்டு எடுப்பார். அதற்குப் பிறகுதான் மனைவி பழனாத்தாளின் கட்டிலுக்கு எதுவும் போகும்.

பச்சையாக ஒன்றும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். நோய் தின்றது போக மிச்சமிருந்த வெள்ளை அணுக்களை அதற்குப் போட்ட மருந்து தின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் வயிற்றில் சத்தமில்லாமல் செரித்துப்போகும் ஒரு கிருமி போதும், அவளைச் சாய்த்துவிடும். அணு ஏறும்வரை காக்க வேண்டும். காளிச்சாமிக்கு அது ஒன்றுதான் விளங்கியது. காப்பது என்றால் வேகவைப்பது.

அதுவரை அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போன மனிதர் அவர். சோமனூரில் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். கல்யாணமான நாளிலிருந்து அவர் தறி ஓட்ட, அவள் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கையசைப்பும் உதட்டசைப்பும்தான் பேச்சு. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட வாருங்கள். கையை வெட்டுவதுபோல் வீசினால் இழை அறுந்துவிட்டது. மகன் கிருபாசங்கர் பிறக்கப்போகும் செய்தியைக்கூட அவள் தறிகளுக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டால்தான் சொன்னாள்.

பஞ்சுத்தூசியும் அவளுக்கு ஆகாது என்றதும் தறிகளை நிறுத்திவிட்டார். அதன்பின் வீட்டுக்குள் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது. தெருவில் மற்ற குடோன்கள் ஓடும் சத்தம் தொலைவிலிருந்து கேட்கும். இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உரக்கப் பேசிக்கொள்ள அவர்களுக்கு வார்த்தை பழகியிருக்கவில்லை.

கொரோனாக் காலத்தில் அந்தத் தெரு முழுக்கப் பழனாத்தாளின் கசாயத்தைக் குடித்தது. இஞ்சி, மிளகு, மஞ்சள், துளசி, கற்பூரவல்லி எல்லாம் தட்டிப் போட்டு, பொங்கல் வைக்கும் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுவாள். சொம்போடு வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவாள். "எதிர்ப்பு சக்தி கடையில விக்கறதில்லீங்க. நம்ம அஞ்சறைப் பெட்டியிலயே இருக்குது," என்பாள். அவர்கள் வீட்டில் நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் பிரண்டைத் துவையலும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். தெருக்காரர்கள் அவளுக்குக் கசாயக்காரம்மா என்று பேரே வைத்துவிட்டார்கள். அவளுக்கு நோய் வந்தபோது அவர்கள் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கசாயக்காரம்மாவுக்கேவா என்ற கேள்வியோடுதான் வாசலில் வந்து நின்றார்கள்.

கிணத்துக்கடவிலிருந்து அவள் தங்கை குழந்தையம்மாள் வந்தபோது கேள்வி வாய்க்கே வந்துவிட்டது. கட்டைப்பை நிறைய நெல்லிக்காய், சீந்தில்கொடி, நான்கைந்து இளநீர்.

காளிச்சாமி வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங் மச்சா, அக்காளை இப்படியா வெச்சுருக்கறது? எல்லாத்தையும் வேகவெச்சுப்போட்டா அப்புறம் சத்து எங்கீங்க இருக்கும்? ஒரே ஒரு நெல்லிக்கா. எதிர்ப்பு சக்தி சரசரன்னு ஏறும்னு போன்ல ஒரு டாக்டரம்மாவே சொல்லுதுங்க."

"வேகவெச்சுக் குடுக்கறேன் அம்மணி."

"நெல்லிக்காயை வேகவெச்சா வெந்நியைக் குடிச்ச மாதிரித்தானுங்க."

உள்ளேயிருந்து பழனாத்தாளின் குரல் வந்தது. "குழந்தே, அவருகிட்ட எச்சாப் பேசாத. உன்னையவே குக்கர்ல போட்டு மூணு விசில் உட்டுத்தான் உள்ள அனுப்புவாரு. கம்முனு மூஞ்சில அந்தத் துணியைக் கட்டிட்டு வா."

குழந்தையம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அக்காளின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பும்போது கேட்டருகே நின்று, முகத்துணியை அவிழ்க்காமலே சொன்னாள்: "ஊருக்கே காச்சி ஊத்துனவ. அவளுக்குத் தின்ன ஒரு நெல்லிக்கா இல்லையேங்க மச்சா."

காளிச்சாமிக்கே அந்த ஆற்றாமை இருந்தது. எந்தச் சாப்பாடு கொடுத்தால் அணு ஏறும் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். "சாப்பாட்டால அணு ஏறாதுங்க ஐயா. அது உடம்புக்குத் தெம்பு குடுக்கும். கிருமி மட்டும் உள்ள போகாமப் பாத்துக்குங்க," என்று அந்த இளவயது டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். காளிச்சாமி தலையாட்டினார், நம்பவில்லை. சோறு ஏற்றாததை வேறு எது ஏற்றும்? அன்று நெல்லிக்காயைக் குழைய வேகவைத்து, வெல்லம் போட்டுக் கரைத்துக் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள். "நல்லா இருக்குதுங்க," என்றாள். அதே டம்ளரில் மிச்சத்தை அவரும் குடித்துப் பார்த்தார். சகிக்கவில்லை.

அவள் தின்ன முடியாத எதையும் அவரும் தின்பதில்லை என்று வைத்திருந்தார். அதை அவளிடம் சொன்னதில்லை. பச்சை வெங்காயம், தயிர், வெள்ளரிக்காய் எல்லாம் அந்த வீட்டைவிட்டே போயிருந்தன.

போகாமல் நின்றது கொய்யாமரம் ஒன்றுதான். குடோன் சுவரோரம் அவள் வைத்த மரம். முழுக்கப் பழுக்காத செங்காயாகப் பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது அவளுக்கு உயிர். இப்போது கிளியும் அணிலும் கடித்துப்போட்டது போக மிச்சம் தரையில் விழுந்து கனிந்தது. வாசம் கட்டில்வரைக்கும் வரும். காலையில் அவள் விழிக்குமுன் காளிச்சாமி விழுந்த பழங்களையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் கொட்டிவிட்டு வருவார். ஒருநாள் அவர் கூடையோடு திரும்பி வரும்போது அவள் சன்னலில் நின்றிருந்தாள்.

"அணு ஏறுனதும் மொதல்ல அதைத்தானுங்க திங்கோணும்," என்றாள்.

"ஏறட்டும்," என்றார்.

அடுத்த வாரம் ரத்தம் பார்க்கக் கோயமுத்தூர் போனார்கள். அவளை உள்ளே படுக்கவைத்திருந்தபோது டாக்டர் அவரை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். கையில் வைத்திருந்த காகிதத்தை டாக்டர் பார்க்கவே இல்லை.

"ஐயா, இனிமே அவங்களுக்குச் சாப்பாட்டுல கட்டுப்பாடு ஒண்ணும் வேண்டாம். என்ன ஆசைப்படறாங்களோ குடுங்க."

காளிச்சாமிக்கு உடம்பே லேசானது. இத்தனை நாள் கொதித்த கொதியெல்லாம் வீண்போகவில்லை. சிரித்தபடி கேட்டார்: "அணு ஏறிருச்சுங்களா?"

தாழ்வாரத்தில் ஒரு சக்கர நாற்காலி போயிற்று. அது முனை திரும்பும்வரைக்கும் டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் காளிச்சாமிக்குத் தெரிந்துவிட்டது. வாயில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"மருந்து கேக்கலைங்க ஐயா. இனியும் ஊசி போட்டா அவங்களுக்கு வேதனைதான். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பையன் வெளியூர்ல இருக்காருன்னீங்களே, வரச் சொல்லிருங்க."

காரில் திரும்பினார்கள். அவள் கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து கண்மூடியிருந்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெந்நீரில் ஊறி ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்து உரிந்திருந்தது. இவளிடம் சொல்லக் கூடாது. இவள் நாளைக்கும் அணு ஏறும் என்றே நினைத்துக்கொண்டு விழிக்கட்டும். அந்த ஒன்றையாவது காத்துவிட வேண்டும்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"தேவலையாம். இனிமே என்ன வேணும்னாலும் சாப்படலாமாம்."

சூலூர் தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"கொய்யாக்காயுங்களா?"

"கொய்யாக்காயும்தான்."

வீட்டுக்கு வந்ததும் நேராக மரத்தடிக்குப் போய்ச் செங்காய் ஒன்றைப் பறித்தார். கால் பழக்கத்தில் அடுப்படிக்குக் கொண்டுபோனது, கை பழக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. அடுப்பை அணைத்தார். குழாயைத் திறந்து வெறும் தண்ணீரில் கழுவினார். அந்தக் காயைக் கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தட்டில் நறுக்கி, ஓரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கொண்டுபோனார். அவள் ஒரு துண்டை எடுத்து நுனியைக் கடித்தாள். வாயெல்லாம் புண். காரம் பட்டுக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துப்பாமல் மென்று விழுங்கினாள்.

"சுரீர்ங்குதுங்க," என்று சிரித்தாள்.

"மெதுவாத் தின்னு. மரம் பூராக் கெடக்குது."

இன்னொரு துண்டை எடுத்தாள். கடிக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"அப்ப தறியும் ஓட்டலாமுங்களா?"

தூசி பறந்தாலும் ஓட்டலாம் என்றால் எல்லாம் சொன்னதாகிவிடும். கூடாது என்றால் இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொலைவில் யாருடைய தறியோ ஓடி நின்றது.

"பேசாத ஊடு காதை அடைக்குதுங்க. ஒரே ஒரு தறியை உடுங்க, போதும். நான் வாசப்படியில உக்காந்துக்கறேன்," என்றாள்.

அவளுக்கு நாற்காலி போட்டு, தோளில் துண்டைப் போர்த்திவிட்டு, குடோன் கதவைத் திறந்தார். தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூலின்மேல் தூசி படிந்திருந்தது. தட்டிவிட்டு, அறுந்திருந்த இழைகளை முடிந்தார். ஊடையை இழுத்து ஓடும் நாடாக்கட்டையில் நூல் சுற்றிய தாரைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டார். முதலில் திணறிய தறி பிறகு தன் பழைய ஓட்டத்துக்கு வந்தது. தரை அதிர்ந்தது. வெயில் விழுந்த இடத்திலெல்லாம் பஞ்சு பறக்கத் தொடங்கியது. இத்தனை மாதம் அவர் அவளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்ட தூசி.

அந்தச் சத்தத்துக்குள் காளிச்சாமிக்குத் தைரியம் வந்தது. தறியின்மேல் கையூன்றி நின்று வாய்விட்டே சொன்னார்: "என்னைய உட்டுட்டுப் போயிராத புள்ள." அவர் காதுக்கே அது கேட்கவில்லை. இன்னொரு தரமும் சொன்னார்.

நிமிர்ந்தபோது அவள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தறிக்கு நடுவே வாழ்ந்தவளிடமிருந்து சத்தத்தில் எதை ஒளிக்க முடியும்? அவள் முகம் ஒருமுறை கோணி, பிறகு நேரானது. மடியிலிருந்த தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள். ஐந்து விரல்களையும் குவித்து மெல்ல வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் தறியை நிறுத்தவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்து, வாசற்படியில் அவள் காலருகே உட்கார்ந்தார். அவள் கடிக்காமல் வைத்திருந்த அந்தத் துண்டை வாங்கி, உப்பில் தொட்டு, பச்சையாகவே தின்றார்.