கடலுக்கு முதுகு காட்டும் ஆலயம்

ஹெந்தளையில் எங்கள் அங்கிலிக்கன் ஆலயத்தைத் தேடி வருபவர்கள் முதலில் காண்பது அதன் முதுகைத்தான். வீதிப் பக்கம் சன்னலோ கதவோ இல்லாமல், இரண்டு முழக் கனத்தில், கபொக் என்னும் செம்புரைக் கல்லால் ஒரு சுவர். அதன் உட்புறத்தில் பீடம். வாசலுக்குப் போவதென்றால் கால்வாய்க் கரைக்குச் சுற்றிவர வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் கறுவாத் தோட்டங்களுக்கு நடுவே இதைக் கட்டியபோது வீதி இருக்கவில்லை. சனம் வள்ளத்தில் வந்திறங்கியது.

பட்டணத்துக் கொட்டாஞ்சேனைக்காரருக்கு இது பகிடி. “உங்கட சேர்ச் ஆரோடயோ கோவம் போல, திரும்பியெல்லோ நிக்குது?”

சபையின் பொருளாளர் பேர்னாட் அண்ணனுக்கு அந்தப் பகிடி சுட்டது. ஓகஸ்டில் அவருடைய மகள் றேணுகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு கொட்டாஞ்சேனை. பீடத்தைக் கால்வாய்ப் பக்கம் மாற்றி, வீதிச் சுவரை உடைத்துப் பெரிய கதவு வைக்கவேண்டும் என்று என்னிடம் பிடிவாதமாக நின்றார்.

“கார் வாசலில வந்து நிக்கவேணும், நேசம். என்ர பிள்ளை சேத்துக்குள்ளால நடக்கிறதோ?”

“எனக்குக் கால் இருக்கு அப்பா,” என்றாள் றேணுகா.

செயலாளர் என்ற முறையில் நான் மறுத்தேன். அந்தச் சுவர் போனால் ஆலயமே போன மாதிரி என்றேன். வாக்கெடுப்பில் தோற்றேன். சுவர் தாங்குமா என்று பார்க்க, முதலில் சன்னலளவு துளை போடுவதாக முடிவாயிற்று. மே மாதம். கலியாண அவசரத்தில் காற்றுக் காலத்தை ஒருவரும் யோசிக்கவில்லை.

மேசன் ரிம்ஸானின் உளி சுண்ணாம்புச் சாந்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. “இது செவரில்ல சேர், மலை!” என்று சொல்லிச் சொல்லித்தான் உடைத்தார். துளைக்குப் பொலித்தீன் கட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு ஆராதனை பாதியில் மழையோடு தென்மேற்குக் காற்று எழும்பியது. வீதிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில்தான் கடல். பொலித்தீன் கிழிந்தது, மெழுகுதிரிகள் அணைந்தன, பீடத்துணி எழும்பி ஃபாதரின் தலையை மூடியது. பாட்டுத்தாள்கள் கால்வாய்க்குப் பறந்தன. பேர்னாட் அண்ணன் பாய்ந்து போய்த் துளையில் முதுகைக் கொடுத்து நின்றார்.

“ஃபாதர், நீங்கள் நடத்துங்கோ! நான் பிடிச்சிருக்கிறன்!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடத் தொடங்கினோம். பிறகு உண்மையாகவே பாடினோம். மரக் கூரை அதிர்ந்தது. அவருடைய கோட்டிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்தபடியே இருந்தது.

முடிந்ததும் அவர் வெளியே போய் மழைக்குள் நின்று சுவரைத் தடவினார்.

“அரை மணித்தியாலம் என்னால ஏலாமப் போச்சு, நேசம். இது நூற்றைம்பது வருசமா நிக்குது. கட்டினவன் விசரனில்லை.”

மறுநாளே, உடைத்தெடுத்த அதே கற்களால் துளையை அடைப்பித்தார். சீமெந்து என்று வாய் திறந்த ரிம்ஸானிடம், “சுண்ணாம்பு!” என்றார்.

கலியாணத்தன்று கார்கள் வீதியில்தான் நின்றன. சம்பந்திகளை அவர் முதலில் அந்தச் சுவரடிக்கே கூட்டிப்போனார். “கையை வைச்சுப் பாருங்கோ. கடலையே மறிச்சுக்கொண்டு நிக்குது!” ஒவ்வொருவராகக் கை வைத்தார்கள். வாசலடியிலிருந்து சேலையைத் தூக்கிப் பிடித்தபடி றேணுகா திரும்பி வந்தாள்.

“அப்பா, கலியாணம் எனக்கோ, சுவருக்கோ?”