ஒன்பது புள்ளி எட்டு ஒன்று

கடிதம் மின்னஞ்சலில்தான் வந்தது. ஆனால் கல்லூரிச் சின்னம், பொன்னிறக் கோடு, கீழே மூன்று கையொப்பம் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய அலங்காரம் அத்தனையும் அதில் இருந்தது. 'கல்வி நேர்மை விசாரணைக் குழு தங்கள் வருகையை எதிர்நோக்குகிறது.' மாப்பிள்ளை செல்லக்கண்ணு. முகூர்த்தம் சனிக்கிழமை காலை பத்து மணி. உள்ளே இருந்த செய்திதான் கல்யாணச் செய்தி இல்லை. அவருடைய ஊசல் பரிசோதனை அறிக்கையில் உள்ள அளவுகள் இட்டுக்கட்டியவை என்று குழு ஐயுறுகிறது. அது உறுதியானால் பட்டப்படிப்பிலிருந்து நீக்கம்.

செல்லக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்தொன்று. ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஆய்வுக்கூட உதவியாளர். முகவைகளைக் கழுவி அடுக்குவது, அமிலத்தை அளந்து வைப்பது, பரிசோதனைக்குச் சாமான்களை எடுத்து வைப்பது எல்லாம் அவர் வேலை. அவர் வயதில் பாதிகூட இல்லாத ஆசிரியர்கள் வந்து, "அங்கிள், இந்த எக்ஸ்பெரிமென்ட் வருமா?" என்று கேட்பார்கள். "வரும்" என்பார். அவர் வரும் என்றால் வரும். ஏன் வருகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் டோபி காட் பக்கம் இருந்த ஒரு கல்லூரியில் பகுதிநேர அறிவியல் பட்டத்துக்குச் சேர்ந்தார். வீட்டில் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் பருவத்தின் முதல் பரிசோதனையே ஊசல். ஒரு நூலில் இரும்புக் குண்டைக் கட்டி, நூலின் மேல்முனையை இரண்டு சின்ன மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கித் தொங்கவிட வேண்டும். ஆட்டிவிட்டு ஐம்பது ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தையும் நூலின் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், பூமி பொருள்களை எவ்வளவு வலுவாகத் தன்பக்கம் இழுக்கிறது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். புத்தகத்தில் அந்த எண் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. செல்லக்கண்ணு அதை இதற்குள் ஆயிரம் முறையாவது வரவழைத்திருப்பார். அவரைப் போய் இட்டுக்கட்டினார் என்கிறார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் மாலை, தேக்கா சந்தையில் தேநீர்க் கோப்பைக்கு முன்னால் யாமினி கொதித்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், முப்பதை நெருங்குகிறவள், அதே வகுப்பு.

"உங்களையா கூப்பிட்டாங்க? அங்கிள், அந்த கிளாஸ்ல ஸ்டாப்வாட்சை ஒழுங்கா பிடிக்கத் தெரிஞ்சது நீங்க ஒரு ஆள்தான் லா!"

"ரொம்ப சரியா இருக்காம். அதான் சந்தேகமாம்."

"சரியா இருந்தாலும் தப்பு, தப்பா இருந்தாலும் தப்பு. எனக்கு ஒன்பது புள்ளி ஏழு ஏழு வந்துச்சு. மூணு தடவை செஞ்சேன். பத்துக்கு நாலு மார்க். பக்கத்துல ஒருத்தன் குண்டையே ஆட்டல, ஃபோனைத்தான் பாத்துட்டு இருந்தான், அவனுக்கு ஒன்பது."

"உனக்குக் கட்டை தேஞ்சிருக்கும்மா. காலேஜ் கட்டையெல்லாம் தேஞ்சது. நான் என் கட்டையைக் கொண்டு போனேன்."

"அப்ப என் கைதான் ராசியில்லாத கை போல."

செல்லக்கண்ணு தேநீரை ஆற்றினார். அந்தக் கட்டைகளைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஊசலை அவர்தான் ஓட்டிப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஏழு எட்டு வந்தது. மறுபடியும் அதேதான். அப்போதைய இயற்பியல் துறைத் தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, "நூல் கட்டக்கூடத் தெரியலையா? பரிசோதனை வரலையே!" என்று ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு செல்லக்கண்ணு கட்டையை எடுத்து, நூல் வெளியே வரும் இடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் மேலே நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்து நீளத்தை அளந்தால் எட்டு ஒன்று வந்தது. தன் முடிச்சில் இருந்த குறைக்குத் தான் கண்டுபிடித்த திருத்தம் என்றுதான் அவர் அதை நம்பினார். அதற்கப்புறம் வாங்கிய எல்லாக் கட்டைகளிலும் கோடு போட்டார். 'நீளத்தைச் சிவப்புக் கோட்டிலிருந்து அளக்கவும்' என்று பலகையில் எழுதியும் வைத்தார். பரிசோதனை வந்தது. வருடா வருடம் வந்தது.

விசாரணை அறையில் குளிர்சாதனம் பிணவறைக்கு ஏற்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது. நடுநாயகமாக முனைவர் முத்துராமன், அறிவியல் புலத் தலைவர். ஆய்வுக்கூடக் கையேட்டின் ஆசிரியர் என்று அட்டையில் அவர் பெயர், கையேட்டின் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். இடப்பக்கம் விரிவுரையாளர் வசந்தகுமாரி. புகாரைக் கிளப்பியவர் அவர்தான். வலப்பக்கம் குறிப்பெடுக்க அலுவலகத்து அன்வர். மூவருக்கும் தமிழ் தெரியும் என்றாலும் விசாரணை ஆங்கிலத்தில்தான் நடந்தது. கோபம் வந்தபோது மட்டும் தமிழுக்கு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் முழுக்கத் தமிழில்தான் நடந்தது.

முத்துராமன் தொடங்கினார். அறிவியல் என்பது உண்மையின் ஆலயம், அளவு என்பது அதன் கருவறை, அதற்குள் செருப்போடு நுழைகிறவர்களை என்ன செய்வது என்று பன்னிரண்டு நிமிடம் பேசினார். அன்வர் குறிப்பேட்டில் 'தலைவர் வரவேற்றார்' என்று எழுதிக்கொண்டார்.

வசந்தகுமாரி சுருக்கமாகக் கேட்டார். "அஞ்சு ரீடிங் கொடுத்திருக்கீங்க. அஞ்சும் ஒரு நொடியில நூறுல ஒரு பங்குகூட மாறல. மனுஷக் கட்டை விரலுக்கு அது முடியாது. எப்படி வந்துச்சு?"

"பன்னெண்டு எடுத்தேன் மேடம். வந்ததை மட்டும் எழுதினேன்."

"வந்ததுன்னா?"

"எட்டு ஒன்று வந்தது. மத்ததெல்லாம் கை தவறினது."

"கை தவறினதுன்னு எப்படித் தெரியும்?"

"எட்டு ஒன்று வரலையே."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று அவர் காதில் விழுந்தது.

"ஒழுங்கீனம்தான்," என்றார் முத்துராமன். "ஆனா விடையாவது சரி."

"விடைதான் சார் தப்பு," என்றார் வசந்தகுமாரி. "பூமி நடுவுல கொஞ்சம் பருத்திருக்கு, சுத்தவும் செய்யுது. நாம இருக்கிறது நடுக்கோட்டுப் பக்கத்துல. இங்க ஒன்பது புள்ளி ஏழு எட்டுதான் வரணும். எட்டு ஒன்று லண்டன் பக்கத்துக் கணக்கு. முப்பத்தேழு பேர் வகுப்புல முப்பத்துநாலு பேர் லண்டனை அளந்திருக்காங்க."

"அது யாருக்குத் தெரியாது?" முத்துராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியும். ஆனா கையேடுங்கறது ஒரு நிறுவன ஆவணம். அதை இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

எட்டு ஒன்றுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண் என்று அந்த நிறுவன ஆவணம் ஏழாம் பக்கத்தில் சொல்கிறது. அன்வர் பேனாவை எடுத்தார், தலைவரின் முகத்தைப் பார்த்தார், கீழே வைத்தார்.

மேசையின் ஓரத்தில் வசந்தகுமாரி ஏற்கெனவே ஓர் ஊசலை நிறுத்தியிருந்தார். கல்லூரிக் கட்டை, கோடு இல்லாதது. "இப்ப செஞ்சு காட்டுங்க. அஞ்சு ரீடிங். அஞ்சையும் எழுதணும்."

செல்லக்கண்ணு கட்டையின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் நடு வரைக்கும் சரியாக ஒரு மீட்டர் வைத்தார். ஆட்டினார். ஐம்பது ஆட்டம் என்றால் நூறு நொடிக்குக் கொஞ்சம் மேலே. அந்த நேரம் முழுக்க யாரும் பேச முடியாது. முத்துராமனுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு கைக்குட்டையை மடித்தார், கடைசியில் குண்டையே முறைத்தார். அது அவரைப் பொருட்படுத்தவில்லை.

நாற்பத்தொன்பதாவது ஆட்டத்தில் செல்லக்கண்ணுவின் கட்டை விரல் தானாக முன்னால் நகர்ந்தது. அவருக்கு அது தெரிந்தது. ஒரு கணம் முன்னால் அழுத்தினால் போதும், நூறு புள்ளி முப்பது வரும், எட்டு ஒன்று கிடைக்கும். இருபத்தாறு வருடமாக அந்த விரல் அப்படித்தான் செய்து வந்திருக்கிறதோ? கோடு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். விரலைப் பிடித்து நிறுத்தினார். குண்டு வந்து சேர்ந்த பிறகு அழுத்தினார்.

நூறு புள்ளி நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. முப்பத்தெட்டு. ஐம்பது. ஐந்தையும் எழுதினார். ஒன்றோடொன்று ஒட்டாமல், கலைந்த தலைமுடி மாதிரி இருந்தன. சராசரி எடுத்து, பெருக்கி, வகுத்தார்.

ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

முதல் வருடம் துறைத் தலைவர் தூக்கிப் போட்ட அதே எண். செல்லக்கண்ணுவின் முடிச்சில் அன்றைக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

முத்துராமனும் அந்தத் தாளைப் பார்த்தார். அதில் அவர் வேறொன்றைப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்துநாலு அறிக்கைகள், ஏழாம் பக்கம், தன் பெயருள்ள அட்டை. குரல் சட்டென்று கனிந்தது.

"மிஸ்டர் செல்லக்கண்ணு, அனுபவஸ்தர் நீங்க. விஷயம் சின்னது. அன்னிக்கு அளக்கும்போது நூலை இழுத்துப் பிடிச்சிருப்பீங்க. நீளம் மூணு மில்லி கூடியிருக்கும். அப்படி ஒரு வரி எழுதிக் கொடுங்க. அளவீட்டுப் பிழைன்னு முடிச்சிடலாம். நீங்க பாஸ். நாங்களும் வீட்டுக்குப் போகலாம்."

உண்மையின் ஆலயத்தில் பின்வாசலும் இருந்தது. வசந்தகுமாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்வர் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் இந்தப் பக்கம் தள்ளினார்.

செல்லக்கண்ணு அதை எடுத்துக்கொண்டார். ஒரு வரி. எழுதினால் படிப்பு இருக்கும். அவரைப் பொய்யர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடத்திலும் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டு வரி எழுதினார், நிறுத்தினார், திரும்ப எழுதினார். பத்து நிமிடத்தில் தாள் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. கட்டை, கோடு, பலகை, விட்டுவிட்ட ஏழு அளவுகள், எல்லாம். தேர்வுக்கு முன்னால் வருடா வருடம் தான் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த தாளைப் பற்றியும் எழுதினார்.

முத்துராமன் படித்தார். முகம் பழையபடி கருவறைக்குத் திரும்பியது. "இது வாக்குமூலம்," என்றார். "இப்படி எழுதினா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்யா எழுதினே?"

"அளவு கேட்டீங்க. கொடுத்தேன்."

வெளியே உட்காரச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். நீக்கம் இல்லை. நீக்கக் கூடாது என்று வசந்தகுமாரி வாதாடியிருக்கிறார் என்பது அவருடைய சிவந்த காதுகளைப் பார்த்ததும் தெரிந்தது. அறிக்கைக்குச் சுழி மதிப்பெண். பாடம் தோல்வி. அடுத்த வருடம் முதலிலிருந்து. கையேட்டின் ஏழாம் பக்கம் உரிய குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்படும்.

"மார்க் குறைஞ்ச மூணு பேர்?" என்று கேட்டார் செல்லக்கண்ணு.

"அதுவும் உரிய குழு."

கீழே, வாசல் படிக்கட்டில் யாமினி காத்திருந்தாள். வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். "என்னாச்சு அங்கிள்? கிழிச்சுட்டு வந்தீங்களா?"

அவர் சொன்னார். கோட்டைப் பற்றியும் சொன்னார். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப எனக்கு வந்ததுதான் சரியா?"

"நீதாம்மா சரி. ஏழு ஏழு ரொம்ப நல்ல அளவு."

"நேத்து தேக்காவுல கட்டை தேஞ்சதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ரெண்டு வாரம் அங்கிள். ரெண்டு வாரமா எனக்கு சயின்ஸ் வராதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். வித்டிராவல் ஃபார்ம்கூட டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன்." குரல் உயரவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன்."

மன்னிப்பு கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டாள்.

செல்லக்கண்ணு படிக்கட்டில் உட்கார்ந்தார். வருடத்துக்கு நூற்றிருபது பிள்ளைகள். கோடு போட்ட கட்டையிலும் சொன்னதை மறந்து விளிம்பிலிருந்து அளந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏழு எட்டு வந்திருக்கும். அவரிடம் ஓடி வந்து, "அங்கிள், எனக்கு வரலை" என்றிருப்பார்கள். அவர் என்ன சொன்னார்? கனிவாகத்தான் சொன்னார். ஒவ்வொருவருக்கும் கனிவாக, அழித்துவிட்டுத் திரும்பச் செய், வரும் என்று.

அந்த முகங்களில் ஒன்றாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.