கழுத்துச் சொடக்கு

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவர் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி வைத்தால்தான் வலி இறங்கியது. கையைத் தொங்கவிட்டால் போதும், கழுத்தின் அடியில் கிளம்பி, தோளைத் தாண்டி, முழங்கையின் பின்பக்கமாக வழிந்து, விரல்களில் போய் எறும்பாக மொய்த்தது. கை தலைக்குப் போனதும் எறும்புகள் கலைந்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு தோள் கடுக்கும், கையை இறக்குவார், எறும்புகள் திரும்பி வரும். எழுந்து கண்ணாடியைத் துடைப்பார். சீப்புகளை மருந்துத் தண்ணீரில் போடுவார், உடனே எடுப்பார். மறுபடி உட்காருவார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பூட்டுக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சொடக்கு, கப்பல் கவுந்தவன் கன்னத்துலதானே கை வைப்பான். நீ தலையிலயே வச்சிருக்கே?"

"நம்ம கப்பல் கொஞ்சம் பெருசுண்ணே. வாங்க, உக்காருங்க."

சொடக்கு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். முடி வெட்டி முடித்ததும், போர்த்திய துணியை உருவுவதற்கு முன்னால், ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. இரண்டு பக்கமும் சுள்ளி ஒடிவதுபோலச் சத்தம் வரும். வாடிக்கையாளர் ஒரு பெருமூச்சு விட்டுப் புது ஆளாக எழுந்து போவார். அடுத்த தெருவில் குளிரூட்டிய சலூன் வந்த பிறகும் பலர் இங்கேயே வந்ததற்கு அந்தச் சத்தம்தான் காரணம்.

இப்போது ஒரு மாதமாக அவர் யாருக்கும் சொடக்கு எடுக்கவில்லை. தோள் பிடித்திருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி வந்தார். கத்தரிக்கோல் வேலையில் பாதியை மெஷினுக்கு மாற்றிவிட்டார். சவரத்துக்கு வருகிறவர்களில் சிலரிடம் பிளேடு தீர்ந்துவிட்டது என்றார். சவரக் கடையில் பிளேடு இல்லை என்பதை எத்தனை நாள் சொல்ல முடியும்? பழைய ஆட்களுக்கு, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிச் செய்து முடித்தார்.

காரணம் வலி அல்ல. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம். ஒரு நாள் காலை, நுரை பூசிய கழுத்தோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியாரின் தொண்டைக்கு மேலே கத்தி அவர் கையிலிருந்து போய்விட்டது. நழுவியது என்றுகூடச் சொல்ல முடியாது. விரல்கள் அதைப் பிடித்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது வாத்தியாரின் நெஞ்சில், துணிமேல் கிடந்தது. வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. இவர் கத்தியை எடுத்துத் துடைத்து, தேவையில்லாமல் இன்னொரு தரம் நுரை பூசினார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனபோதும் சொல்லவில்லை. கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரையும் சில பயிற்சிகளும் கொடுத்தார். கடைசியில் நிமிர்ந்து, "கையில பலம் எப்படி இருக்கு? குறைஞ்ச மாதிரி இருந்தா உடனே சொல்லணும்" என்றார்.

"அதெல்லாம் நல்லாருக்கு சார்" என்றார் அவர். மனைவி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

சொன்னால் கத்தியைக் கீழே வைக்கச் சொல்வார்கள். கத்தி பிடிக்க முடியாத சவரக்காரன் என்று ஒருத்தர் வாயில் விழுந்தால் போதும், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சுற்றிவிடும்.

வீட்டில் அதற்குப் பிறகு பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். மனைவியின் தம்பி நாற்காலி, மேசை, சோபா ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன். போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்க முடியாமல் கிடந்தவனை யாரோ ஒரு கைரோபிராக்டரிடம், முதுகெலும்பைக் கையாலேயே அழுத்தித் திருப்பிச் சரிசெய்கிறவரிடம், கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து யாருக்குக் கால் சுளுக்கினாலும் அவன் சொல்லும் மருந்து ஒன்றுதான்.

"டொக்குன்னு ஒரு சத்தம் மாமா. அவ்வளவுதான். நடந்தே கீழ இறங்கி வந்தேன்."

"உன் இடுப்பு வேற, அவர் கழுத்து வேறடா" என்றார் மனைவி. மனைவி மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். இந்த மாதிரிக் கதைகளை நாள் முழுக்கக் கேட்கிறவர்.

"எல்லாம் ஒரே எலும்புதான்க்கா. மேல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் வருது."

"அப்ப உன் மூளையும் இடுப்புல வந்து நின்னுருக்கு."

"நீ மாத்திரை விக்கிறவ. வேற என்ன சொல்லுவே?"

"எங்க கடைக்கு வலி மாத்திரைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் அங்க போயிட்டு வந்தவங்க, மீதிப்பேர் போகப்போறவங்க. தெரியுமா?"

"குணமானவங்க எதுக்குக்கா மருந்துக் கடைக்கு வரணும்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர் பக்கம் திரும்பினார். "கொஞ்ச வாரம் பொறுங்கன்னுதானே டாக்டர் சொன்னாரு."

"பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீங்களா? டீ ஆறுற வரைக்கும் பொறுக்க மாட்டீங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். அவர்கள் இருவரும் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கணக்கு வேறு. ஒரே ஒரு சத்தத்தில் கை திரும்பி வந்துவிட்டால், அது போயிருந்தது என்பதே யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி அந்த வீட்டில் அதிகம் தெரிந்தவரும் அவர்தான். அதுதான் அவரைப் பிடுங்கியது. எத்தனை கழுத்துகளைத் திருப்பியிருப்பார். லேசாகிவிட்டது என்று சொல்லிப் போகிறவர், அடுத்த முறை முடி வளர்ந்து வரும்போது அதே பிடிப்போடுதான் வருவார். வந்து, "போன தடவை எடுத்தீங்களே, அமிர்தமா இருந்துச்சு" என்பார். நல்லதா கெட்டதா என்று அவர் யோசித்ததே இல்லை. இப்போது தன் கழுத்துக்கு என்று வரும்போது யோசித்தார். சவர நாற்காலியைத் துடைக்கும்போது யோசித்தார், பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது யோசித்தார். காலையில் நம்பிக்கை வரும். மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். இரண்டு நாளில் போகலாம் என்றும் வேண்டாம் என்றும் மச்சினனிடம் மாற்றி மாற்றிச் சொன்னார். கடைசியில் அவனே நேரம் வாங்கிவிட்டு வேனோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"அக்காகிட்ட சொல்லலையே?"

"சொல்லல மாமா. சரியானதும் நீங்களே சொல்லுங்க."

செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறைகள். மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முதுகெலும்பு தொங்கியது. கைரோபிராக்டர் அவர் நினைத்ததுபோல மல்லன் மாதிரி ஆள் இல்லை. நடுத்தர வயதுப் பெண், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பின்கழுத்தில் மெஷின் போட்டவன் அவசரக்காரன் என்று அவர் உடனே கண்டுகொண்டார்.

வந்ததும் படுக்கச் சொல்லித் திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தார். அந்தப் பெண் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போது ஆரம்பித்தது, எந்த விரல், நடக்கும்போது கால் தடுமாறுகிறதா, தலை சுற்றுகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, விழுந்தீர்களா.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சலூன் மேடம். நானும் கழுத்துல சொடக்கு எடுக்கறவன்தான்." தொழில் சொந்தம் கொண்டாடுவதுபோல அவர் சிரித்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "எடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட எதாவது கேப்பீங்களா?"

"நல்லா லூசா விடுங்கன்னு சொல்வேன்."

"அது கேள்வி இல்லையே."

அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். எறும்புகள் கிளம்பிவிட்டன. கை தானாகத் தலைக்குப் போனது. அந்தப் பெண் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

பிறகு கையை நீட்டச் சொல்லி, தன் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். அவர் தோளைக் கொஞ்சம் முன்னே கொடுத்து, உடம்பு எடையைச் சாய்த்துத் தள்ளினார். சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாகத் தோன்றியது. அந்தப் பெண் ரப்பர் சுத்தியால் இடது முழங்கைக்குப் பின்னால் தட்டினார், கை துள்ளியது. வலது பக்கம் தட்டினார். கை சும்மா கிடந்தது. மறுபடி தட்டினார். அவரே கையைத் துள்ள வைக்கப் பார்த்தார்.

"நீங்களா ஆட்டாதீங்க."

"இல்ல மேடம், தானா."

"சாமான் எதாவது கைநழுவி விழுதா? டம்ளர், சாவி, அந்த மாதிரி?"

"இல்ல."

"சரி, மல்லாந்து படுங்க."

படுத்தார். அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அவர் பின்மண்டைக்கு அடியில் கொடுத்தார். விரல்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் மெல்ல இறங்கித் தேடின. அவருக்குக் கூரையில் ஒரு விளக்கும் ஒரு விரிசலும் மட்டும் தெரிந்தன. தன் நாற்காலியில் இப்படித்தானே எல்லோரும் அண்ணாந்து கிடக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு, கத்தி யார் கையில் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரியாமல்.

"நான் இப்ப எதுவும் திருப்பப்போறதில்ல" என்றது தலைக்குப் பின்னாலிருந்து குரல். "ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க முழங்கை ஒரு மாதிரி சொல்லுது, நீங்க ஒரு மாதிரி சொல்றீங்க. வெறும் வலியும் மரமரப்பும்தான்னா, நாம மெதுவா முயற்சி பண்ணிப் பாக்கலாம். பலம் குறைஞ்சிருந்தா நான் உங்க கழுத்தைத் தொடக் கூடாது. கடைசியாக் கேக்கறேன். கை நல்லாருக்கா?"

நல்லா இருக்கு என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வரக்கூடும். அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். மடங்கின. எவ்வளவு இறுக்கமாக என்று தெரியவில்லை.

"கத்தி விழுந்துருச்சு மேடம்" என்றார். "ஒருத்தர் கழுத்துக்கு மேல இருந்து. அவருக்கு ஒண்ணும் ஆகல."

கைகள் அவர் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்துவிட்டு விலகின.

"எப்ப?"

"ஒரு மாசம் இருக்கும். அப்பறம் சீப்பு விழுது, மெஷின் விழுது. தினம்தான்."

அவரை எழுந்து உட்காரச் சொல்லி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி தள்ளச் சொன்னார். இந்த முறை சாய இடமில்லை. அவர் தள்ளினார். அந்தப் பெண் இரண்டு விரலால் அவர் முழங்கையை மடக்கிவிட்டார்.

"உடனே டாக்டரைப் பாக்கணும். இன்னிக்கே. இதையெல்லாம் எழுதித் தர்றேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. எதன்மேல் என்று தெரியவில்லை. "அப்ப இது உதவுமா உதவாதா மேடம்? என் மச்சினன் நடந்தே இறங்கி வந்தேங்கறான். வீட்டுல ஏமாத்து வேலைங்கறாங்க. நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க."

"வலிக்குச் சிலருக்கு உதவுது. இந்த மாதிரி நசுங்கின நரம்பு நிறையப் பேருக்கு நாள் போகப் போகத் தானாவும் இறங்குது. நான் தொட்டதால இறங்குச்சா, இறங்கற நேரத்துல நான் தொட்டேனான்னு எல்லா நேரமும் எனக்கே தெரியாது. உங்க மச்சினர் என்னால்தான்னு சொல்லுவார். நானும் இல்லன்னு சொல்றதில்ல." இப்போது லேசாகச் சிரித்தார். "ஆனா பலம் போறது வேற விஷயம். அதுல நாள் கடத்தக் கூடாது. நீங்க ஏற்கெனவே கடத்திட்டீங்க."

கீழே மச்சினன் வேனின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "சத்தம் வந்துச்சா மாமா?"

"அக்கா கடைக்கு விடு."

"இப்பவேவா? சொல்லப்போறீங்களா?"

"வண்டிய எடு மாப்ள."

வழியெல்லாம் அவர் இருக்கையில் புரண்டார். ஜன்னலை இறக்கினார், ஏற்றினார். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். சிக்னல் தாண்டுவதற்குள் அது கலைந்தது.

மருந்துக் கடையில் வரிசை நின்றது. மனைவி வெள்ளைக் கோட்டோடு தலை நிமிராமல் சீட்டுகளைப் படித்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போய்க் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் இருந்த அம்மா இருமல் மருந்தில் எது இனிக்கும் என்று விசாரித்து முடிக்கவில்லை. அவர் கால் மாற்றி மாற்றி நின்றார். எப்போது முடியும் என்று இருந்தது. முடியவே கூடாது என்றும் இருந்தது.

"அடுத்து" என்றார் மனைவி. பிறகுதான் நிமிர்ந்தார். "நீங்களா? கடையைப் பூட்டிட்டா வந்தீங்க?"

"கையில பலம் இல்ல."

"என்ன?"

"பலம் குறைஞ்சுபோச்சு. ஒரு மாசமா. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். மனைவி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கத்தரியை வைத்துவிட்டு, கவுன்ட்டர் கண்ணாடிமேல் கையை நீட்டி, இரண்டு விரல்களை அவர் வலது உள்ளங்கையில் கொடுத்தார்.

"அழுத்துங்க."

அவர் அழுத்தினார்.

"அழுத்துங்கன்னேன்."

"இதுதான்" என்றார் அவர். "இவ்வளவுதான் வருது."

மனைவி விரல்களை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க, நான் இவரோட கிளம்பறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கோட்டின் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.