பதினாறு வந்தால் எடுக்க வேண்டும்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம், தீராத வியாதி, இருக்கிறது. கடையில் தமிழ்ப் பிள்ளை ஒன்று காசு வாங்க நின்றால், பக்கத்து வரிசை வெறுமையாகக் கிடந்தாலும் அந்தப் பிள்ளையிடம்தான் போய் நிற்பார்கள். எங்கள் பிள்ளை விலையைக் குறைத்துவிடும் என்ற நினைப்பு. சுவிட்சர்லாந்தில், பாசல் நகரத்துக் கசினோ ஒன்றில் பிளாக்ஜாக் மேசைக்குச் சீட்டுப் போடுவது என் வேலை. அந்த வருத்தம் அங்கேயும் வந்து சேர்ந்தது.

ஞாயிறு பின்னேரம், காலையில் தேவாலயப் பூசைக்குப் போட்ட அதே சட்டையோடு றேமன்ட் அண்ணை என் மேசையில் வந்து அமர்ந்தார். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் இருப்பவர். மனைவி செசீலியா இலங்கையில், மன்னாரில். தனி வீடு இருந்தால்தான் அவரை இங்கே கூப்பிட இந்த நாட்டு அரசு விடும். இரண்டு வருடம் அலைந்து ஒரு வீடு கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் முற்பணம் கட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் கையில் பாதிதான். இதையெல்லாம் என் அம்மா முதல்நாளே சொல்லியிருந்தார். 'அந்த மேசையே என்ர மகளின்ர கையிலதான்' என்று கோயில் வாசலில் அவரிடம் பெருமை அடித்ததை மட்டும் சொல்லவில்லை.

மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டு, இவரை எனக்குத் தெரியும் என்றேன். சொந்தமா என்று கேட்டாள். இல்லை, அயல்வீட்டுக்காரர். அப்படியென்றால் தொடரலாம் என்று போய்விட்டாள். மேசையில் நான் ஜெர்மன் மட்டும்தான் பேசலாம். ஒரு சொல் தமிழில் சொன்னாலும் துப்புக் கொடுத்ததாகிவிடும், வேலை போய்விடும். 'எழும்பிப் போங்கோ அண்ணை' என்று சொல்ல வழியில்லை.

கொண்டுவந்த முழுவதையும் ஒரே தடவையில் பந்தயம் வைத்தார். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்ட வருபவருக்கு வெற்றி. அவருக்கு ராஜா, ராணி. இருபது. எனக்குப் பத்து.

"காணும்தானே தங்கச்சி?" இது போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இன்னொரு சீட்டு வேண்டுமா என்று ஜெர்மனில் கேட்டேன். சிரித்துக்கொண்டே கையால் வேண்டாம் என்றார். என் அடுத்த சீட்டு ஆறு. பதினாறு.

பயிற்சி வகுப்பில் இந்த விளையாட்டின் கதையைச் சொன்னார்கள். பிரான்சில் இருபத்தொன்று என்று வீடுகளில் ஆடிய காலத்தில், சீட்டுப் போடுபவரும் விரும்பிய இடத்தில் நிறுத்தலாமாம். கசினோவுக்குள் வந்தபின் அந்த உரிமையைப் பிடுங்கிவிட்டார்கள். பதினாறு என்றால் எடுத்தே ஆகவேண்டும். நாசமாய்ப் போன சட்டம். நிறுத்த விட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

எடுத்தேன். ஐந்து. மொத்தம் இருபத்தொன்று. அவருடைய காசை நானே என் கையால் வாரினேன். அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. எழுந்து போனார்.

இடைவேளை வந்ததும் டிராம் தரிப்பிடத்துக்கு ஓடினேன். அண்ணை அங்கேதான் நின்றார்.

"அண்ணை, என்ர கையில ஒண்டும் இல்லை. எது வருதோ அதைத்தான் போடுறன். இனி இங்க வராதேங்கோ."

அவர் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஓம் தங்கச்சி, விளங்குது. மேல கமரா எல்லோ. நீங்கள் அப்பிடித்தான் சொல்லவேணும். நாளைக்குக் கைமாத்து வாங்கிக்கொண்டு வாறன்."

நான் அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். என் தலையைத் தடவிவிட்டு டிராமில் ஏறினார். கதவு மூடுமுன் போனில் மனைவியிடம் சொல்வது கேட்டது.

"வீடு கிடைச்ச மாதிரித்தான் செசீலியா. அங்க எங்கட பிள்ளை நிக்குது."