சுற்றிக்கொண்டிருந்த வட்டம்

"யாரும்மா நெட்டை நிறுத்தினது, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே..." "கத்தாதடி, அது உன்னோடதுன்னு நான் என்ன கனவா கண்டேன்..." "ஆபீசே என் உறைஞ்ச மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு..." "இந்தா, திறந்துட்டேன், போ!" மகள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள், சரி, அப்படியானால் இரண்டாவது இவளுடையது... அவள் கைப்பேசித் திரையில் வைஃபையில் இணைந்திருந்த வீட்டுக் கருவிகள் எண்ணும் எழுத்துமாக வரிசை கட்டி நின்றன, எது யாருடையது என்று எந்த மகராசனுக்குத் தெரியும், ஒவ்வொன்றாக நிறுத்தினால் எந்த அறையிலிருந்து கூச்சல் வருகிறதோ அவர்களுடையது, தானே கண்டுபிடித்த வழி இது, முதலாவதை நிறுத்தியபோது டிவியில் பாடிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுபோனாள், பாவம்... மிச்சம் ஒன்றே ஒன்று. அவருடையது.

நிறுத்தினாள். இனிக் கூடத்திலிருந்து குரல் வரும், முப்பது வருஷம் பஸ் ஓட்டிய குரல், சமையலறைப் பாத்திரமே அதிரும், ஓய்வு பெற்று வந்த இந்த ஐந்து மாதமாக அதற்கு என்ன ஆயிற்று, சோறு போட்டாலும் 'ம்', உடம்புக்கு என்னவென்றாலும் 'ம்', தலை நிமிராமல் அந்த போனுக்குள்ளேயே... 'ஏய், என்னத்தை நோண்டினே?' என்று ஒரு வார்த்தை கத்தட்டும், சண்டையாவது போடட்டுமே, 'ஆமா, நான்தான் நோண்டினேன், இப்ப என்னங்கிறீங்க' என்று பதில்கூடத் தயார். துணி மடித்தாள். திரைச்சீலை மெல்ல உப்பி உப்பி அடங்கியது, பிற்பகல் வெயில் தண்ணீர்போலத் தரையில் நகர்ந்து அவள் கால்வரை வந்தது, அதில் தானும் மிதக்கிறோமோ, மடித்ததையே மறுபடி மடிக்கிறோமோ... அரை மணி நேரமாயிற்று, குரலைக் காணோம். தப்பானதை நிறுத்திவிட்டேனா? பார்த்தாள், நிறுத்தித்தான் இருந்தது.

எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். போன் கையில்தான் இருந்தது, கட்டைவிரல் மேலே தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது, திரையில் படமில்லை, எழுத்தில்லை, வெறும் வெள்ளையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது, அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நீண்ட வெறும் சாலையைப் பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல்... நெட் இருந்த நாள்களிலும் இப்படித்தானா, ஒன்றையும் பார்க்காமலா, அப்படியானால் இத்தனை நாள் நான் எதன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்? நிறுத்தியதைத் திறந்துவிடக் கை போனது, போன கை அவர் தோளில் தங்கிவிட்டது.

"என்னங்க... எதைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"